சுண்டைக்காய் கால் பணம்... கான்டஸாவுக்கு சுமைகூலி முக்கால் பணம்! பழைய 'பந்தா' காரில் எது கெடும்? எவ்வளவு பழுக்கும்?

மதுரை: ஒரு காலத்தில் தெருவுக்குள் கான்டஸா கார் நுழைந்தால், வந்தது பெரிய இடம் என்று அர்த்தம். மில் முதலாளி, சினிமா தியேட்டர் அதிபர், கட்சிப் பிரமுகர் என்று 'வெயிட்' பார்ட்டிகளின் வாசலில் மட்டும் நின்ற வண்டி அது. நீளமான மூக்கு, அகலமான சீட், உள்ளே குளுகுளு ஏ.சி. அன்றைக்கு அம்பாசடர் வைத்திருந்தவர்களே அண்ணாந்து பார்த்த கார்.

இன்றைக்கு அதே கார் மதுரை சுற்றுவட்டாரத்தில் புளியமரத்தடியிலும், பட்டறை மூலையிலும், தோப்பு வீட்டு ஷெட்டிலும் தூசி படிந்து கிடக்கிறது. பழைய கார் மோகம் கூடிவிட்டதால் இளவட்டங்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம், போட்டோ ஷூட்டுக்கு விடலாம், நாலு காசு பார்க்கலாம் என்று நகையை அடகு வைத்து வாங்குகிறவர்களும் உண்டு.

வாங்குவது சுலபம். அதை ரோட்டில் ஓட வைப்பதுதான் யானையைக் கட்டி தீனி போடும் வேலை. எந்த பாகம் முதலில் மக்கர் பண்ணும், எதற்கு சில நூறு போதும், எதற்கு லட்சம் கரையும் என்று தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம். அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இங்கிலாந்து உடம்பு, இந்திய இதயம்!

கான்டஸாவை தயாரித்தது அம்பாசடரை தயாரித்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி. மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் 1984-ல் இருந்து 2002 வரை இந்த கார் உற்பத்தி ஆனது. ஆனால் உடம்பு இந்தியாவில் பிறந்தது அல்ல. இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி 1970-களில் விற்ற விக்டர், வி.எக்ஸ். ரக கார்களின் வடிவம்தான் இது. அங்கே அந்த கார் நின்றுபோன பிறகு, அச்சும் சாமான்களும் இங்கே வந்தன.

முதலில் வந்த வண்டிகளுக்கு அம்பாசடரில் இருந்த அதே 1,489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின். பெரிய உடம்புக்கு சின்ன இதயம்! இழுவை பத்தவில்லை என்று புகார் கிளம்பியது. பிறகு ஜப்பானின் இசுஸு கம்பெனியின் 1,817 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், 5 கியர் பெட்டியும் பொருத்தி 'கான்டஸா கிளாசிக்' என்று விற்றார்கள். அப்புறம் 2 லிட்டர் இசுஸு டீசல் எஞ்சினும் வந்தது.

உத்தர்பாரா தொழிற்சாலை 2014 மே மாதம் மூடப்பட்டது. கான்டஸா என்ற பெயரையும் 2022-ல் வேறு ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அதாவது, இந்த காருக்கு இன்று 'கம்பெனி ஷோரூம்' என்று ஒன்று கிடையாது. கம்பெனி சர்வீசும் கிடையாது. பழைய மெக்கானிக்கும், லேத் பட்டறையும், டிங்கரும்தான் கதி.

எஞ்சின் சாமான் கிடைக்கும்... பாடி சாமான் கிடைக்காது!

கான்டஸா வாங்க நினைப்பவர் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டிய சங்கதி இதுதான். எஞ்சின் போனால் பிழைத்துக் கொள்ளலாம். பாடி போனால் பாடு திண்டாட்டம்!

காரணம் எளிது. 1,489 சி.சி. எஞ்சின் அம்பாசடரிலும் ஓடியது. 1,817 சி.சி. இசுஸு எஞ்சினையும் 1990-களில் அம்பாசடரில் பொருத்தினார்கள். அம்பாசடர் நாடு முழுக்க டாக்சியாகவும், அரசு வண்டியாகவும் ஓடியதால் பிஸ்டன், ரிங், கேஸ்கட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட் போன்றவை இன்னும் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. மதுரையில் இல்லை என்றால் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை என்று தேடினால் மாட்டும்.

ஆனால் கான்டஸாவின் பம்பர், கிரில், பின்னால் உள்ள லைட் கண்ணாடி, கதவு ரப்பர் பீடிங், முன் கண்ணாடி... இதெல்லாம் அந்த காருக்கு மட்டுமே உரியவை. வேறு எந்த வண்டி சாமானும் பொருந்தாது. வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை. ஒரு ஜோடி பின் லைட்டுக்காக மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. ஆகவே வாங்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கண்ணாடி, லைட், பம்பர், பீடிங் எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் பாடி முழுசாக உள்ள வண்டி, எஞ்சின் ஓடி பாடி உளுத்துப்போன வண்டியை விட பல மடங்கு மேல்!

மதுரை வெயிலும் உப்புத் தண்ணீரும்!

மதுரையில் கான்டஸா ஓட்டுபவர்களின் முதல் எதிரி 'ஹீட்'. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர். கோரிப்பாளையம், காளவாசல் சிக்னலில் ஏ.சி.யைப் போட்டு ஐந்து நிமிடம் நின்றால், டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறும். சித்திரை திருவிழா கூட்டத்தில் மாட்டினால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு காருடைய வயசு மட்டும் காரணம் இல்லை. ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம்தான் பாதி காரணம். சமையல் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. குழாய் அடைத்தால் தண்ணீர் ஓடாது. தண்ணீர் ஓடாவிட்டால் சூடு வெளியேறாது.

இதன் செலவு படிப்படியாக ஏறும் ஏணி மாதிரி. ஹோஸ் பைப், பேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி... இவை சில நூறுகளில் முடியும். ரேடியேட்டரை இறக்கி கழுவி, அடைப்பு எடுத்து, ஒட்டுப்போட சில ஆயிரம். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். அப்போது ஹெட்டை கழற்றி லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும். செலவு பத்தாயிரத்தைத் தாண்டி நிற்கும். அப்போதும் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். கதை லட்சத்தில் முடியும்!

ஹெட் கேஸ்கட் போனதற்கு அடையாளம் என்ன? சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வரும். ரேடியேட்டர் தண்ணீர் கசிவே இல்லாமல் குறையும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த டீ மாதிரி பிசுபிசுப்பாக இருக்கும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்வதுதான் புத்திசாலித்தனம்.

வடிகட்டிய டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றினால் உப்பு படியாது, உள்ளே துருவும் பிடிக்காது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் லட்சத்தை இழக்க வேண்டியதில்லை. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும்.

புது பெட்ரோல், பழைய ரப்பர்!

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1980-களில் செய்த காருக்கு இது பழக்கம் இல்லாத சாப்பாடு.

எத்தனாலுக்கு இரண்டு குணம். ஒன்று, பழைய ரகத்து ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும், வெடிக்க வைக்கும். இரண்டு, காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய காரின் டேங்க்குக்குள் தண்ணீர் சேர்ந்து அடியில் துரு பிடிக்கும். அந்தத் துரு கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். வண்டி திக்கித் திக்கி நிற்கும்.

நீண்ட நாள் ஓட்டிய சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. புது கார்களில் கம்ப்யூட்டர் தானாகவே பெட்ரோல் அளவை கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த மூளை இல்லை. மெக்கானிக்தான் ஜெட்டையும் ட்யூனிங்கையும் பார்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் பத்தாமல் எரிந்து எஞ்சின் இன்னும் சூடாகும்.

இங்கே காசை விட உயிர்தான் பெரிசு. வெடித்த பெட்ரோல் ஹோஸ் சொட்டும் இடம், கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில். ஒரு சொட்டு போதும், கார் தீப்பிடிக்க. ஆகவே பழைய கார் வாங்கிய முதல் நாளே டேங்க்கில் இருந்து கார்புரேட்டர் வரை எல்லா பெட்ரோல் ஹோஸையும், பம்ப் டயாப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட வேண்டும். சாமான் செலவு சில ஆயிரத்துக்குள்தான். கூடவே ஒரு தீயணைப்பு சிலிண்டரையும் டிரைவர் சீட் அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பழைய பிரச்சனையும் உண்டு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றது. பழைய 1,489 சி.சி. எஞ்சினின் வால்வு சீட்டுகளுக்கு அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாமல் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு சீட் தேயும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஹெட் இறக்கும்போதே லேத்தில் கெட்டியான வால்வு சீட் அடித்துக்கொண்டால் இந்தத் தலைவலி தீரும்.

மைலேஜ்... மறந்துவிடுங்கள்!

டவுனுக்குள் ஏ.சி. போட்டு ஓட்டினால் லிட்டருக்கு 8 கிலோ மீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ மீட்டருக்கு 12.5 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கிட்டாலே 1,250 ரூபாய். லிட்டருக்கு 16 கிலோ மீட்டர் தரும் புது காருக்கு இதே தூரம் 625 ரூபாயில் முடியும். தினசரி வேலைக்குப் போக இந்த காரை நம்பினால் சம்பளம் பங்க்கிலேயே கரையும்.

நீலப் புகை வந்தால்... லேத் செலவு!

பின்னால் வருபவர் மூக்கைப் பொத்தும் அளவுக்கு நீலப் புகை வந்தால், எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கும். இதற்கு 'ரீபோர்' வேலைதான் வழி. போர் குடைந்து, புது பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் சீல் எல்லாம் போட்டு, கிராங்கையும் கிரைண்டிங் செய்ய வேண்டும். சாமான், லேத் கூலி, மெக்கானிக் கூலி மூன்றும் சேர்ந்தால் பத்தாயிரங்களில் தொடங்கி, நிலைமையைப் பொறுத்து லட்சத்தை எட்டும்.

சிலர் இந்தச் செலவுக்குப் பயந்து வேறு வண்டியின் டீசல் எஞ்சினை தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்காமல் எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஒரு மாற்றத்துக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில் என்று சட்டம் சொல்கிறது. ஆர்.சி. புக்கில் பெட்ரோல் என்று இருந்து, பானெட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின் இருந்தால் ரினீவல் நடக்காது. விபத்து நடந்தால் இன்சூரன்சும் கை கழுவும். வாங்கும்போதே எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகலையா? பதறாதீங்க!

எல்லா கோளாறும் பர்ஸை கிழிப்பது இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் 'கர்ர்... கர்ர்...' என்று முனகினால் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட், கண்டென்சர், பிளக், ஹைடென்ஷன் ஒயர். பாயின்ட் கருகியிருந்தால் தேய்த்து, இடைவெளி சரி செய்தாலே வண்டி உயிர் பெறும். எல்லாம் சேர்ந்து ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் அடங்கும்.

பேட்டரியில் இருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்தாலும் இதே கோளாறுதான். லைட் மங்கும், செல்ப் சுற்றாது. உப்புத்தாள் போட்டு தேய்த்து இறுக்கினால் தீர்ந்தது. இது தெரியாமல் செல்ப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் மாற்றி ஏமாந்தவர்கள் உண்டு.

ஆனால் 30, 40 வருஷ ஒயரிங்கின் மேல் உறை உளுத்துப் போயிருக்கும். ஆளுக்கு ஆள் வெட்டி, ஒட்டுப்போட்டு, ஹாரனுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் இழுத்திருப்பார்கள். அதை மட்டும் முழுசாக உரித்து புது ஒயரிங் போடுவது மேல். பெட்ரோல் கசிவைப் போலவே ஒயரிங் ஷார்ட்டும் கார் தீப்பிடிக்க காரணமாகும்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம்!

கனமான வண்டி. நாலுவழிச் சாலையில் திருமங்கலம் பக்கமோ, மேலூர் பக்கமோ நூறில் போகும்போது திடீரென்று மாடு குறுக்கே வந்தால் நிற்க வேண்டும். நிறுத்தி வைத்த பழைய காரில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள் காய்ந்து போயிருக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து உள்ளே துரு பிடித்திருக்கும். பெடல் மிதித்தால் மெல்ல மெல்ல கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்று அர்த்தம். ஒரு பக்கமாக இழுத்தால் வீல் சிலிண்டரோ, கேலிப்பரோ பிடித்துக் கொண்டிருக்கிறது.

ரப்பர் கிட் சில நூறுதான். நாலு சக்கரத்துக்கும் முழு பிரேக் வேலை பார்த்தாலும் சில ஆயிரங்களில் இருந்து பத்தாயிரத்தை ஒட்டி முடியும். மலை இறக்கத்தில், கொடைக்கானல் ரோட்டில் பிரேக் போனால் எந்தப் பணமும் ஈடாகாது.

டயரும் அப்படித்தான். பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று பழைய டயரை நம்பக் கூடாது. டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். '2419' என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 24-வது வாரம் தயாரானது என்று பொருள். பத்து வருஷம் தாண்டிய டயர், பார்க்க பளபளப்பாக இருந்தாலும் வெயிலில் வெடிக்கும்.

முன் சக்கரத்தின் பால் ஜாயின்ட், புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவை பள்ளத்தில் விழும்போது 'டொக் டொக்' என்று சொல்லிக் காட்டும். கிளம்பும்போது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் வந்தால் புரொப்பெல்லர் ஷாப்டின் யு.ஜே. கிராஸ். கிராஸ் மலிவு, உடனே மாற்றலாம். ஓட்டும்போது பின்னால் 'ஊ...' என்று ஊளை வந்தால் டிபரன்ஷியலில் கிரவுன், பினியன் தேய்மானம். அதற்கு சாமான் தேடி அலைய வேண்டும், செலவும் கூடும்.

கண்ணுக்குத் தெரியாத எமன்... துரு!

கான்டஸாவில் கடைசி வரை காசை விழுங்குவது துருதான். முன் கண்ணாடிக்குக் கீழே, கதவு ஓரத்தின் அடிப்பட்டை, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, காலடி தரைத் தகடு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம்... இந்த ஐந்து இடமும் அரிக்கும். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் சேறு அடைத்துக்கொள்வதுதான் காரணம்.

விற்பவர்கள் ஓட்டை மேல் பட்டி பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க தடவிப் பார்க்க வேண்டும். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி தடியாக இருக்கும் இடத்தில் நழுவும். காலடியில் உள்ள மேட்டைத் தூக்கி தரையைத் தட்டிப் பார்க்கவும் மறக்கக் கூடாது.

டிங்கரிங் வேலை சாமான் செலவு அல்ல, ஆள் கூலி செலவு. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வளைத்து, வெல்டிங் வைத்து, தட்டி மட்டம் பார்க்க நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். தகட்டை கையால் தட்டி உருவம் கொண்டுவரத் தெரிந்த பழைய டிங்கர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். முழு பாடிக்கும் டிங்கரிங், பெயின்டிங் என்று போனால் காரை வாங்கிய விலையையே தாண்டிவிடும்.

பட்டறைச் சண்டைகள் முளைப்பதும் இந்த இடத்தில்தான். பெயின்ட்டை சுரண்டும் வரை உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று டிங்கருக்கும் தெரியாது. முதலில் சொன்ன தொகை போதாமல் அவர் கூட கேட்பார். ஏமாற்றுகிறார் என்று கார்க்காரர் கொதிப்பார். பாதி வேலையில் வண்டி வருஷக்கணக்கில் கிடக்கும். கூலியும் நிற்கும், காரும் நிற்கும். சுரண்டிப் பார்த்த பிறகு போட்டோ எடுத்து, செய்ய வேண்டிய வேலைகளை பேப்பரில் எழுதி, வேலை முடிய முடிய பணம் தருவது என்று பேசிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

அரசுக்கு கட்ட வேண்டியது எவ்வளவு?

பட்டறை செலவு முடிந்தாலும் பேப்பர் செலவு இருக்கிறது. 2002-ல் பதிவான கடைசி கான்டஸாவுக்கே 2017-ல் 15 வருஷம் முடிந்துவிட்டது. அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. இதோடு மாநில பசுமை வரியும், புகை சர்டிபிகேட்டும் தனி. ஆர்.சி. காலாவதியாகி வருஷக்கணக்கில் கிடந்தால் தாமதக் கட்டணமும் சேரும்.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,489 சி.சி. வண்டிக்கு வருஷத்துக்கு 3,416 ரூபாய். 1,817 சி.சி. வண்டிக்கு 1,500-ஐ தாண்டுவதால் 7,897 ரூபாய். வரி தனி. எஞ்சின் அளவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

'வின்டேஜ் கார்' என்று பதிவு செய்து தப்பிக்கலாமா? முடியாது. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான் அந்த அந்தஸ்து. 1984-ல் வந்த முதல் கான்டஸாவுக்கே 2034 வரை பொறுக்க வேண்டும். அப்போதும் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். வாடகைக்கோ, தினசரி ஓட்டவோ கூடாது.

ஒரு சின்ன ஆறுதல்: உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாக குறைந்தது. 10 ஆயிரம் ரூபாய் சாமானுக்கு முன்பு 12,800 கட்டிய இடத்தில் 11,800 போதும்.

கல்யாண வாடகை கனவு!

நகையை வைத்து கார் வாங்குகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10 ஆயிரம் ரூபாய் அபராதமும், 6 மாதம் வரை ஜெயிலும் சட்டத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பிரேக் பிடிக்காமல் யார் மேலாவது ஏறினால், வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி பிரச்சனை கிளப்பும். நஷ்டஈடு வண்டிக்காரர் தலையில் விடியும். பத்து கல்யாணத்தில் சம்பாதித்தது ஒரே கேசில் போய்விடும்.

முகூர்த்தமும் வருஷம் முழுக்க வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கார் ஷெட்டில்தான் நிற்கும். வட்டி மட்டும் நிற்காது!

எதை முதலில் செய்வது?

வாங்கியே தீருவேன் என்பவர்கள், வாங்கும் விலைக்கு சமமான தொகையை ரிப்பேருக்கு என்று தனியாக எடுத்து வைத்த பிறகே அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. வாங்கிய பிறகு பெயின்ட் கடைக்கு ஓடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. பிரேக், டயர், ஸ்டீயரிங்: உயிர் சம்பந்தப்பட்டது.

2. பெட்ரோல் ஹோஸ், ஒயரிங்: தீ சம்பந்தப்பட்டது.

3. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ்: எஞ்சினை காப்பாற்றுவது.

4. எஞ்சின், கிளட்ச், கியர்: தேவை என்றால் மட்டும்.

5. தரைத் தகடு, அடிப்பட்டை துரு: மழைக்காலத்துக்கு முன்னால்.

6. பெயின்ட், சீட் கவர், பாட்டுப் பெட்டி: எல்லாவற்றுக்கும் கடைசி.

வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். நிறுத்தி வைத்த காரில்தான் ரப்பர் காயும், பிரேக் பிடிக்கும், பேட்டரி சாகும், எலி ஒயரைக் கடிக்கும். மூடி வைத்து அழகு பார்ப்பதை விட, ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்கோவில் வரை ஒரு ரவுண்டு போய்வந்தால் செலவு பாதியாகக் குறையும்.

பந்தாவுக்கு வாங்கிய கான்டஸா பட்டறையில் நிற்கும். பொறுமையாக, எழுதிவைத்து, வரிசைப்படி வேலை பார்த்த கான்டஸா மட்டும்தான் ரோட்டில் ஓடும்!